உன் அப்பா நேற்று வந்திருந்தார்

மாப்ள,

நேற்று மத்தியானம் எமர்ஜென்சியின் கண்ணாடிக் கதவு திறந்ததுமே பூச்சிமருந்து வாடை அடித்தது. அந்த வாடை வந்தால் இங்கே என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு உடுப்பை வெட்டக் கத்தரியைத் தேடுவார். நான் கண்மணியைப் பார்க்க டார்ச்சை எடுப்பேன். நம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடுகளிலிருந்து அந்த வாடையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மருந்தைக் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். தூக்கிக்கொண்டு வருவார்கள், கூடவே ஒரு கூட்டம் அழுதுகொண்டு வரும்.

நேற்று வந்தவரை யாரும் தூக்கி வரவில்லை. தனியாக நடந்து வந்தார். சட்டையெல்லாம் மருந்து ஈரம், முழங்கையில் கரிசல் மண் அப்பியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் உன் அப்பா.

அவரைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்துக் கண்ணில் டார்ச்சை அடித்தேன், வாயை மோந்து பார்த்தேன். "எதையாச்சும் குடிச்சீங்களா? சொல்லுங்கப்பா, குடிச்சீங்களா?" என்று கத்தினேன். என் குரல் உனக்குத் தெரியாதா? எதிர் வரிசையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த ஆள் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

உன் அப்பா நிதானமாக என்னைப் பார்த்தார். "எதுக்குத் தம்பி இந்தக் கத்து கத்துற? பருத்திக்கு மருந்தடிச்சுக்கிட்டு இருந்தேன். முதுகுல கெடந்த மிசினு கரண்ட்டு அடிச்சிருச்சு. வரப்புல விழுந்துட்டேன். அம்புட்டுத்தான்."

முதுகில் இருந்தது பாட்டரியில் ஓடும் தெளிப்பான். அது ஒன்றும் செய்யவில்லை மாப்ள. அடித்தது அவர் நெஞ்சுக்குள் இருக்கும் மிஷின். நீ மல்லுக்கட்டி வைக்கச் சொன்னாயே, இடது தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள், தொட்டால் தீப்பெட்டி மாதிரி தட்டுப்படுமே, அது. இத்தனை காலம் சும்மா கிடந்துவிட்டு நேற்றுத்தான் முதன்முதலாக வேலை செய்திருக்கிறது.

ஈசிஜி எடுத்தேன். துடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. இதயப் பிரிவிலிருந்து ஆள் வந்து, நெஞ்சின் மேல் கருவியை வைத்து மிஷினுக்குள் பதிவானதை எடுத்துக் கொடுத்தார். பார்த்தால், வயலில் நின்றபோது இதயத்தின் கீழறை தறிகெட்டு ஓடியிருக்கிறது. மிஷின் முதலில் மெல்லத் தட்டி வழிக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறது. கேட்கவில்லை. பிறகுதான் ஷாக் கொடுத்திருக்கிறது. அது மட்டும் இல்லையென்றால் பருத்திக்குள் விழுந்தவரைச் சாயங்காலம் ஆடு மேய்ப்பவர்கள்தான் கண்டெடுத்திருப்பார்கள். எனக்கு அந்த மிஷினைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

"தீந்து போச்சு."

"எப்ப?"

கேட்டிருக்கவே வேண்டாம். மாதா மாதம் மாத்திரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நீ. நீ கடைசியாகக் கொடுத்த அட்டை தீர்ந்ததோடு அவர் நிறுத்திவிட்டார். கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டினால் கொடுப்பான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "தம்பி, இத அணைச்சு விட்ரு."

"எத?"

"இந்த மிசின. அணைக்கலாமாம்ல? ஒருக்கா அவன்தான் சொன்னான். அணைச்சு விட்டேன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன். நேத்து வரைக்கும் இது உள்ள கெடக்குறதே எனக்கு மறந்து போச்சு. இன்னைக்கு வயக்காட்டுல நல்லாத்தான் கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. வலியே இல்ல. இதுதான் என்னையப் புடிச்சு இழுத்துருச்சு."

அவரே தொடர்ந்தார். "அவன் சொல்லித்தான் வச்சேன். சொன்னவனே போயிட்டான். காடு வா வாங்குற வயசுல எனக்கு நெஞ்சுக்குள்ள காவலு. அவனுக்கு ஒன்னும் இல்ல. இது என்ன நாயம்?"

"இருங்க வாரேன்" என்று சொல்லிவிட்டு டூட்டி ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த ரூமில் இப்போது என்னோடு சண்டை போட ஆள் கிடையாது. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள், 'சார்' 'சார்' என்று மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. நான் சொன்னதை மறுத்து, "போடா வெளக்கெண்ண, பேப்பர நேராப் புடிச்சுப் பாரு" என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. ஒரு ஈசிஜியை வைத்துக்கொண்டு நாம் இருவரும் போட்ட சண்டையில், டீ வாங்கி வந்தவர் டம்ளர்களை வைத்துவிட்டு நைசாக நழுவிப் போவார். இப்போது நானே பார்த்து, நானே முடிவு செய்து, நானே டீயும் குடித்துக்கொள்கிறேன்.

வீட்டில் உன் பேச்சை எடுத்தால் என் மனைவி வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாள். பாவம், என் நன்மைக்குத்தான். அழுதுவிடுவேன் என்று பயம். ஆனால் பேசாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது மாப்ள. உன்னைப் பற்றி யாரிடம்தான் பேசுவது?

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உன் அப்பா முதன்முதலில் இதே எமர்ஜென்சிக்கு வந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

அன்று காலை நாம் இருவரும் சேர்ந்து ஒரு பூ வியாபாரியைச் சரிசெய்து அனுப்பியிருந்தோம். மேலறையில் கிளம்பிய வேகத்துடிப்பு. ஊசியைப் போட்டால் ஒரு சில நொடி இதயம் நின்று, மானிட்டரில் கோடு நேராக ஓடி, பிறகு ஒழுங்காகத் துடிக்க ஆரம்பிக்குமே, அந்த வகை. அந்தச் சில நொடியில் 'செத்தேன்' என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நீ ஊசிக்கு முன்னாலேயே அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இப்ப ஒரு மாதிரி வரும். உசிரு போற மாதிரி இருக்கும். போகாது. என் கைய நசுக்கிக்கங்க" என்றாய். அவர் நசுக்கிய நசுக்கில் நீ "யாத்தே!" என்று கத்தினாய். துடிப்பு சரியானதும் அவர் உன் கையைத் தடவிக்கொடுத்தார். நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் அப்பா வாசலில் நின்றார்.

முகமெல்லாம் வேர்வை. மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். காலையிலிருந்தே படபடவென்று இருந்ததாம். வாயு என்று நினைத்து ஊரில் ஒரு சோடாவைக் குடித்துப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை என்றதும் பஸ் ஏறியிருக்கிறார். திருமங்கலத்தில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது? அங்கே இறங்கவில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, மதுரை முழுவதையும் கடந்து, ஒத்தக்கடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம்!

"வழியில எம்புட்டு ஆஸ்பத்திரி இருக்கு! அங்கெல்லாம் போக வேண்டியதுதான?" என்று நீ பதறினாய்.

"நீ இங்க இருக்கியேடா" என்றார்.

டாக்டர் பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. அடுத்தவர்களிடம் 'நெஞ்சில் ஏதாவது செய்தால் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்' என்று நாம் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்கிறோம். நம் வீட்டு ஆட்கள் நம்மைத் தேடிப் பஸ் மாறி வருகிறார்கள்.

ஈசிஜி பேப்பர் வெளியே வந்தது. நீதான் பாய்ந்து எடுத்தாய். நம்மிடம் ஒரு வழக்கம் இருந்தது, நீயே வைத்த வழக்கம்: சொந்தக்காரன் வந்தால் பேப்பர் அடுத்தவன் கைக்குப் போக வேண்டும். உன் சித்தப்பா வந்தபோது நீ வெளியே போய் நின்றாய். என் அக்கா வந்தபோது என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளினாய். அன்று நீ பேப்பரை என்னிடம் தரவில்லை.

"மேலறைதான் மாப்ள" என்றாய். "கொஞ்சம் அகலமாத் தெரியுது. ஆனா மேலறைதான். ஊசியப் போட்டு மெதுவாக்கிருவோம். சரியாப் போயிரும்."

நான் உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அகல அகலமான அலைகள், ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு ஓடின. அவருக்குச் சில வருஷம் முன்னால் மாரடைப்பு வந்து இதயத்தில் தழும்பு இருந்தது. அப்படிப்பட்டவருக்கு இப்படி ஓடினால் அது என்ன என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நீ. "அகலமா ஓடுனா கீழறைதான். இல்லங்கிறத எவனாவது நிரூபிச்சுட்டு அப்பறம் எங்கிட்ட வரட்டும்" என்பாய். நீ கேட்ட ஊசி மேலறைத் துடிப்புக்கானது. கீழறை ஓடும்போது அதைப் போட்டால் மிச்சமிருக்கிற பிரஷரும் விழுந்து ஆள் கையை விட்டுப் போய்விடுவார்.

"மாப்ள, பேப்பரக் குடு."

"ஊசிய எடுங்க சிஸ்டர்" என்றாய், என்னைப் பார்க்காமலே.

"டேய், பேப்பரக் குடுடா! அவரப் பாரு. வேர்த்துக் கொட்டுது. பிரஷர் எறங்குது. கரண்ட்டு வைக்கணும்."

"எங்கப்பாவுக்கா?" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. கீழறை என்று சொல்லிவிட்டால் ஷாக் கொடுக்க வேண்டும், அதனால் உன் கண் அதை மேலறை என்று படித்துக்கொண்டது. நம் ஜனங்கள் ஷாக் என்றாலே ஆள் முடிந்தான் என்று பயப்படுவார்கள். "கரண்ட்டு வைக்காதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றோம்" என்று காலைப் பிடித்து அழுவார்கள். அவர்களிடம் எத்தனை தடவை பொறுமையாகப் பேசியிருக்கிறாய்? "அண்ணே, நெஞ்சு ஒரு மோட்டாரு. இப்ப கண்ட மேனிக்கு ஓடுது, தண்ணி எடுத்துத் தரல. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்" என்பாய். அந்த நீ அன்று அவர்களில் ஒருத்தனாக நின்றாய்.

நான் பேப்பரைப் பிடுங்கினேன். ஓரம் கிழிந்துவிட்டது.

உன் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. நான் சட்டையைக் கழற்றி நெஞ்சில் பட்டையை ஒட்டப் போனபோது கேட்டார்: "யாரு, நீயா செய்யப் போற?"

மாப்ள, அந்தக் கேள்வி என் காதில் எப்படி விழுந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை. காலேஜில் படித்தபோது ஒருமுறை நீ என்னை ஊருக்குக் கூட்டிப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? "மாப்ள, உள்ள வாடா" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாய். உன் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். "வீட்டுக்குள்ள புழுக்கமா இருக்கு. தம்பி இங்கன காத்தாட உக்காரட்டும்" என்றார். என் தகப்பன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சொன்னது அது. உங்கள் வயலில் கூலிக்கு அறுத்தவர்களில் என் அப்பாவும் ஒருத்தர். நீ முகம் சிவந்து வெளியே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாய். சாப்பாடு வெளியே வந்தது. இருவரும் வெளியிலேயே சாப்பிட்டோம். அதன்பிறகு நான் வரவும் இல்லை, நீ கூப்பிடவும் இல்லை. அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதும் இல்லை.

அந்த மனிதரின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "ஆமா, நான்தான் செய்யப் போறேன்" என்றேன்.

அவர் உன்னைப் பார்த்தார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் செஞ்சா நான் செஞ்ச மாதிரிப்பா" என்றாய்.

"அப்பச் செய்யி" என்றார்.

தூக்க ஊசி போட்டேன். துடிப்போடு சேர்ந்து அடிக்கும்படி ஷாக் மிஷினைத் திருப்பினேன். "எல்லாரும் தள்ளுங்க" என்றேன். எல்லாரும் தள்ளினார்கள், நீ மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாய். "தள்ளுடா மூதேவி!" என்று நான் கத்தியதில்தான் விட்டாய். அழுத்தினேன். அவர் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. மானிட்டரில் கோடு கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒல்லி ஒல்லியான அலைகள், நிதானமாக, ஒன்றின் பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பைய எங்க வச்சீக?" என்பதுதான். பைக்குள் உனக்காகப் பறித்து வந்த வெண்டைக்காய் இருந்தது.

அதற்குப் பிறகுதான் மிஷின் பேச்சு வந்தது. இனியும் இப்படி ஓடலாம், ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வர நேரம் இருக்காது, நெஞ்சுக்குள்ளேயே ஒன்றை வைத்துவிடலாம் என்றார் இதய டாக்டர். உன் அப்பா ஒரே பிடியாக முடியாது என்றார். நீ சாப்பிடாமல் இருந்து பார்த்தாய், கோபித்துப் பார்த்தாய். கடைசியில், "நீ எனக்காக வச்சுக்க. உனக்கு வேணாம்னா போ, எனக்கு வேணும்" என்றாய். அதற்குத்தான் அவர் மசிந்தார்.

அப்போது நீ நன்றாக இருந்தாய். உனக்குள் ஏதாவது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அடுத்தவன் நெஞ்சையே பார்த்துப் பார்த்துக் காலத்தைக் கழித்தோம், உனக்குக் கணையத்தில் வந்தது. வயிற்றுவலி என்று நீ சொன்னபோதே அது முற்றிவிட்டிருந்தது.

கடைசி நாட்களில் இங்கேயே மாடியில் ஓர் அறையில் இருந்தாய். நான் டூட்டி முடிந்து வருவேன். ஒருநாள், "மானிட்டர அந்தப் பக்கம் திருப்பி வைடா. என் ரிதத்த நானே படிச்சுட்டுக் கெடக்க முடியல" என்றாய். திருப்பி வைத்தேன். பிறகு அது என் பக்கம் பார்த்து நின்றது. நீ தூங்குகிற நேரமெல்லாம் நான்தான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. உன் இதயம் கடைசிவரை ஒழுங்காகத் துடித்தது. எனக்கு எல்லாவற்றையும் சரிசெய்யத் தெரிந்த இடம் அது ஒன்றுதான், அங்கே சரிசெய்ய எதுவுமே இல்லை.

இன்னொரு நாள் சொன்னாய்: "எங்கப்பாவுக்குப் பேச வராது. உனக்குப் பேசாம இருக்க வராது. ரெண்டு பேரும் எப்பிடியோ சமாளிச்சுக்கங்க." நான் சிரித்தேன். நீயும் சிரிக்கப் பார்த்தாய்.

நாங்கள் சமாளிக்கவில்லை மாப்ள. உன்னைத் தூக்கிய அன்று உன் தெருவில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு ஒருமுறை போனில் பேசினேன். "சாப்பிட்டீங்களா?" என்றேன். "ம்" என்றார். உன் அம்மாவும் இல்லை, நீ கல்யாணம் என்றாலே காத தூரம் ஓடினாய். அந்த வீட்டில் அவர் தனியாக என்ன செய்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசல் நாற்காலியை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அப்படியேதான் கிடக்கிறது. எப்படித் தீர்ப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஆனால் நேற்று அவர் மறுபடியும் திருமங்கலத்தில் இறங்காமல், பஸ் மாறி, அத்தனை ஆஸ்பத்திரிகளையும் தாண்டி இங்கே வந்திருக்கிறார். நீ இங்கே இல்லை என்று தெரிந்தும் வந்திருக்கிறார். இதை நினைத்தபோதுதான் டூட்டி ரூமை விட்டு எழுந்தேன்.

அவர் கட்டிலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுவிட்டிருந்தார். திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன, அணைக்கிறியா?"

"அத நான் அணைக்க முடியாதுப்பா. இதய டாக்டர்தான் செய்யணும். நீங்க கேட்டா அவரு உங்ககிட்டப் பேசுவாரு. நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களான்னு பாப்பாரு. அப்பறமும் வேணாம்னு நின்னீங்கன்னா அணைச்சிருவாரு. உங்க நெஞ்சு, உங்க இஷ்டம். யாரும் தடுக்க முடியாது."

"அப்ப அவருகிட்டச் சொல்லு."

"சொல்றேன். ஆனா எங்கிட்டக் கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

"ஏன்?"

டாக்டராக அதற்கு நூறு பதில் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மிஷினுக்கு வேலையே வராது, துக்கத்தில் இருக்கும்போது இப்படித்தான் தோன்றும், கொஞ்ச நாள் போகட்டும், இப்படி எவ்வளவோ. எல்லாம் உண்மைதான். இவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீங்களும் போயிட்டீங்கன்னா அவனப் பத்திப் பேச எனக்கு ஆளே இல்லப்பா" என்றேன்.

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. திரைக்குள் ஒரு டாக்டர் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? நீ பார்த்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பாய். உன் அப்பா என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு மட்டும் யாரு இருக்கா?" என்றார்.

பிறகு அவராகக் கேட்டார். "காலேசுல அவன் எப்பிடி இருந்தான்? எங்கிட்ட ஒன்னுமே சொன்னதில்ல. ஊருக்கு வருவான், சாப்பிடுவான், தூங்குவான், போறேம்ப்பான்."

எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஸ்டெதாஸ்கோப் வாங்கிய கதையில் தொடங்கினேன். முதன்முதலாகக் கையில் கிடைத்ததும் நீ யார் நெஞ்சிலும் வைக்காமல் உன் நெஞ்சில் வைத்துக் கேட்டாய். லப் டப், லப் டப் என்று போய்க்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு துடிப்பு தவறியது. எல்லார் நெஞ்சும் எப்போதாவது ஒரு துடிப்பைத் தவறவிடும், அதனால் ஒன்றும் இல்லை என்கிற பாடம் அப்போது நமக்கு வந்திருக்கவில்லை. 'மாப்ள, எனக்கு நெஞ்சு நின்னு நின்னு போகுதுடா' என்று ஹாஸ்டல் கட்டிலில் படுத்துவிட்டாய். உன் வாளியையும் குடத்தையும் எனக்கு எழுதி வைப்பதாகச் சொன்னாய்.

உன் அப்பா முகத்தில் லேசாக ஏதோ அசைந்தது. "வாளியவா?"

"வாளியத்தான்ப்பா. அப்பறம் என்ன நெனச்சானோ, லுங்கியோட எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சுட்டான். நெஞ்சு வைத்தியம் பாக்குற புரொபசர் வீட்டுக்கு. நான் பின்னாலயே ஓடுறேன். இவன் கேட்டத் தெறந்து உள்ள போயிட்டான். அங்க ஒரு நாயி கெடக்குது, கன்னுக்குட்டி மாதிரி. கட்டாம விட்டுருக்காங்க. இவனப் பாத்ததும் அது எந்திரிச்சுச்சு..."

அந்த நேரத்தில்தான் வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் வந்தது. மேலூர் ரோட்டில் பைக்கில் விழுந்தவர்கள். சிஸ்டர் திரையை விலக்கி "சார்!" என்றார். நான் எழுந்து ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அவரை மாடிக்கு, இதயப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். கொடுத்த வாக்குப்படி இதய டாக்டரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய நெஞ்சு, அவருடைய இஷ்டம் என்று நானே சொல்லியாயிற்று. ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. மறுபடி போன் வந்தால் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

இன்று காலை போன் வந்தது.

"உங்க பெரியவரப் பாத்தேன்" என்றார் இதய டாக்டர். "மிஷினப் பத்திப் பேசலாமான்னு கேட்டேன். இப்ப வேணாம், இருக்கட்டுங்கிறாரு. ஏன்னு கேட்டா, என்னமோ நாயிங்கிறாரு, எனக்கு ஒன்னும் விளங்கல. 'அந்தப் பய பாதியில எந்திரிச்சுப் போயிட்டான். நாயி கடிச்சுச்சா இல்லையான்னு அவன் வந்து சொல்லட்டும்'ங்கிறாரு. என்ன விஷயம்?"

"ஒன்னுமில்ல சார், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மத்தியானம் மாத்திரை அட்டைகளை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போகப் போகிறேன். ஆனால் அந்த நாய் என்ன செய்தது என்று இன்றைக்கு நான் சொல்வதாக இல்லை மாப்ள. நாளைக்கும் இல்லை. அது தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்தன்தான்.